காலி மனையைப் பூங்காவாக்க எந்தக் கதவைத் தட்டுவது?

மடிப்பாக்கம், வளசரவாக்கம், அம்பத்தூர் என்று சென்னை மாநகராட்சியோடு 2011-இல் சேர்ந்த எந்தப் பகுதியில் நடந்தாலும் இப்படி ஒரு மனை கண்ணில் படும். லேஅவுட்டின் ஒரு மூலையில் நாலைந்து கிரவுண்டு காலி இடம். சுற்றிலும் மூன்று மாடிக் குடியிருப்புகள். நடுவில் சீமைக்கருவேலம், வீடு இடித்த ரப்பிஷ், ஓரமாக நிரந்தரமாகவே நின்றுவிட்ட ஒரு டிராவல்ஸ் வேன். அது பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அதைச் சீர்படுத்தலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்ததும் நடப்பது எங்கும் ஒன்றுதான். ஒருவர் "கவுன்சிலரைப் பார்ப்போம்" என்பார். இன்னொருவருக்கு எம்.எல்.ஏ. ஆபீசில் ஆள் தெரியும். ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி என்பார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி 'நமக்கு நாமே' திட்டத்தின் அரசாணையை வாட்ஸ்அப்பில் போடுவார். இளவட்டங்கள் "யார் தயவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாங்க" என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேன் அதே இடத்தில் நிற்கும்.

இந்த வழிகள் எல்லாமே உண்மையில் இருக்கின்றன, எல்லாவற்றிலும் எங்கேயாவது வேலை நடந்திருக்கிறது. எது உங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வருஷம் செடிக்குத் தண்ணீர் விடப்போவது யார் என்பதற்கு எந்த வழியில் பதில் இருக்கிறதோ, அதற்கே என் ஓட்டு. கட்டுவதற்கான பணம் எங்கிருந்து வந்தாலும் எனக்குப் பெரிய வித்தியாசமில்லை.

எந்த வழியானாலும் முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வது இதைத்தான். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வின் வரைபடத்தில் பச்சையாகக் காட்டியிருப்பது மட்டும் போதாது. தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். லேஅவுட் போட்டபோது ஊராட்சியாக இருந்த பகுதி என்றால் பத்திரம் ஊராட்சித் தலைவர் பெயருக்கு எழுதப்பட்டு, அந்தக் காகிதம் இணைப்பின்போது எந்த அலமாரிக்குப் போனது என்று யாருக்கும் தெரியாத நிலையும் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டு ஒரு மாலை உட்கார்ந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பத்திரம் இல்லை என்றால் கீழே சொல்லும் எந்த வழியும் நகராது. மாநகராட்சி தன் பெயரில் இல்லாத நிலத்தில் ஒரு செங்கல் வைக்காது, வைக்கவும் கூடாது.

சரி, இடம் மாநகராட்சியுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலோர் முதலில் போவது கவுன்சிலரிடம். அது தவறில்லை. ஒவ்வொரு மாமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுதோறும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு; தெருவிளக்கு, பூங்கா, பள்ளிப் பராமரிப்பு மாதிரியான வேலைகளை அவர் அதிலிருந்து பரிந்துரைக்கலாம். குடிமக்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது, அவர் மனம் வைத்தால் வேகமாகவும் நடக்கும். ஆனால் ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த நிதியைப் பங்கு கேட்கும் தெருக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முழுப் பூங்காவுக்கு எஸ்டிமேட் முப்பது லட்சம் என்று வந்தால், வார்டின் ஓராண்டு நிதியில் பெரிய பங்கை ஒரே மூலையில் கொட்ட எந்தக் கவுன்சிலரும் தயங்குவார். சுற்றுச்சுவரும் கேட்டும் மட்டும் போட்டுத் தருவார். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ரப்பிஷ் கொட்டுவதை நிறுத்துவதற்கு ஒரு சுவரைவிட நல்ல மருந்து இல்லை. இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு: அது ஒரு ஆளைச் சார்ந்தது. 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். அப்போது கவுன்சிலர் வாக்குக் கொடுத்த வேலைகளை நம்பி உட்கார்ந்திருந்த சங்கங்கள் நிறைய.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. கேட்கப் பெரிய தொகை. ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குள் எட்டு, பத்து வார்டு வரும், எம்.பி. தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி. ஒரு தெருமுனைப் பூங்காவுக்காக அங்கே வரிசையில் நிற்பதைவிட, பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறையோ சமுதாயக் கூடமோ கேட்கும்போது அந்தக் கதவைத் தட்டலாம். எப்படியும் வேலையை மாநகராட்சிப் பொறியாளர்தான் செய்து முடிக்க வேண்டியிருக்கும்.

இனி 'நமக்கு நாமே'. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் பணம் போகிறது.

திட்டம் புதிதல்ல. 1997-98-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது வந்தது. 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. ஆட்சியில் 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் ஓடியது. 2021-இல் பழைய பெயரோடு நகரங்களுக்குத் திரும்பி வந்தது. கணக்கு எளிது: பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல், பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஏரி, குளம் சீரமைப்பு என்றால் பாதிப் பங்கு. கட்டுவது தனி ஆளாகவும் இருக்கலாம், சங்கமாகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எஸ்டிமேட் 24 லட்சம் என்றால் நம் பங்கு 8 லட்சம். மூன்று தெருவில் 160 வீடு இருந்தால் வீட்டுக்கு 5,000 ரூபாய். தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் "ஓனரைக் கேளுங்க" என்பார், ஓனர் அமெரிக்காவில் இருப்பார். வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவர்கள் அன்றே கொடுப்பார்கள். பூங்காவுக்கு ஒட்டிய வீட்டுக்காரர் சத்தம் வரும் என்று முதலில் எதிர்ப்பார், அப்புறம் மனை மதிப்பு ஏறும் என்று தெரிந்ததும் மாறிவிடுவார். பாதி வீடுதான் கொடுக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அப்படியானால் தலைக்குப் பத்தாயிரம். அந்தத் தொகை உங்கள் தெருவில் தேறுமா என்பதை, பெயர் எழுதிய பட்டியலோடு, மனு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மக்கள் பணம் தரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஆலந்தூரை நினைவுபடுத்த வேண்டும். 1990-களின் கடைசியில் ஆலந்தூர் தனி நகராட்சி. ஆர்.எஸ். பாரதி தலைவர். ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி, லாரி வராவிட்டால் தெருவெல்லாம் நாற்றம், கொசு. 34 கோடி ரூபாய் திட்டத்துக்கு வீட்டு இணைப்புக்கு 5,000, கடைகளுக்கு 10,000 என்று முன்பணம் கேட்டார்கள். அன்றைக்கு அது நடுத்தரக் குடும்பத்துக்கு லேசான தொகையில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான வீடுகள், குழாய் பதிக்கும் முன்பே கட்டின. குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின, நகராட்சி அவர்களோடு கூட்டம் மேல் கூட்டம் போட்டது. நாட்டில் உள்ளாட்சி நிதி பற்றிப் பேசுபவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் திட்டம் அது.

ஆலந்தூரில் ஏன் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். செப்டிக் டேங்க் லாரிக்குச் செய்த செலவு மிச்சமாகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு இருந்தது, பணம் கட்டியவருக்கு இணைப்பு என்று கையில் ஒரு பொருளும் கிடைத்தது. பூங்காவில் அது இல்லை. கட்டாதவர் வீட்டுப் பிள்ளையும் ஊஞ்சலில் ஆடும், ஆடத்தான் வேண்டும். ஆகவே சந்தா கேட்கும்போது 'இணைப்பு' மாதிரி ஏதாவது காட்ட முடிந்தால் நல்லது: பூங்காவில் மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டினால் சுற்றுவட்டார போர்வெல்லுக்குத் தண்ணீர் ஊறும் என்பது தண்ணீர் லாரிக்குக் காசு அழும் குடியிருப்புகளிடம் நன்றாக எடுபடும். உண்மையும் கூட.

இந்த வழியின் பெரிய லாபம் எஸ்டிமேட் தாளில் இருக்கிறது. நாம் பணம் கட்டுவதால், பொறியாளரோடு உட்கார்ந்து அதை வரிவரியாகப் பார்க்கும் தைரியம் வருகிறது. சென்னைப் பூங்கா எஸ்டிமேட் எப்படி இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: சுற்றுச்சுவர், முகப்பு வளைவு, பேவர் பிளாக் நடைபாதை, எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், விளக்குக் கம்பம், கடைசியில் எஞ்சியதில் புல்தரை. மண்ணுக்கும் மரத்துக்கும் ஒதுக்கியது கடுகளவு. முகப்பு வளைவை எடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டல் மண்ணுக்கும் புங்கன், வேம்புக்கும் மாற்றச் சொல்லுங்கள். பேவர் பிளாக்கைப் பாதியாகக் குறையுங்கள். போர்வெல் மோட்டாருக்கு மின் இணைப்பு யார் பெயரில், மாதாந்திர பில் யார் கட்டுவது என்று கேளுங்கள். கவுன்சிலர் நிதியில் வரும் வேலையில் இதையெல்லாம் கேட்டால் "குடுக்கறதை வாங்கிக்கோங்க" என்ற பார்வை வரும். பங்குதாரரை அப்படிப் பார்க்க முடியாது.

திட்டத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மூன்றில் ஒரு பங்கைப் போடக்கூடிய தெருவுக்குத்தான் அரசின் மூன்றில் இரண்டு பங்கு போகிறது. பெசன்ட் நகரில் ஒரு வாரத்தில் திரளும் தொகை, எண்ணூரிலோ வியாசர்பாடியிலோ ஒரு வருஷமானாலும் திரளாது. பூங்கா அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஆகவே வருமானம் குறைந்த பகுதியில் இருப்பவர்கள் இந்தத் திட்டத்தைப் பற்றிக் குற்ற உணர்வு கொள்ளவே வேண்டாம். பூங்கா, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் சொத்து வரி வாங்கும் மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்கச் சந்தா கட்டத் தேவையில்லை.

அதேபோல, எந்தப் பகுதியானாலும் மழைநீர் வடிகாலுக்குச் சங்கப் பணத்தைப் போடாதீர்கள். உங்கள் தெருவில் மட்டும் வடிகால் கட்டினால் தண்ணீர் அடுத்த தெருவில் போய் நிற்கும். அது வடிநிலம் முழுவதையும் மட்டம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. வட சென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் என்று வாங்கிச் செய்வது அதனால்தான்.

கம்பெனி வழி. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மார்ச் நெருங்கும்போது செலவாகாத நிதியோடு சில நிறுவனங்கள் நல்ல திட்டத்தைத் தேடும். அப்போது தயாராகத் தாளோடு போனால் கிடைக்கலாம். பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு பூங்காவைத் தத்தெடுத்துப் பராமரிப்பது ஒரு வகை, கட்டுமானத்துக்குப் பணம் தருவது இன்னொரு வகை. கட்டித் தரத்தான் எல்லோருக்கும் ஆசை, திறப்பு விழாப் படம் கிடைக்கும். தோட்டக்காரருக்கு ஐந்து வருஷம் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. நமக்கு வேண்டியதோ அந்தப் பராமரிப்புதான். நிறுவனத்தின் உள்ளூர் மேலாளர் மாறினால் ஆர்வமும் மாறிவிடும். ஆகவே கம்பெனிப் பணம் வந்தால் அதை நேரே பூங்காவில் போட விடாமல், 'நமக்கு நாமே'யில் மக்கள் பங்காகக் கட்ட வைப்பது புத்திசாலித்தனம். எட்டு லட்சத்தில் ஐந்து அவர்கள் போட்டால், 160 வீட்டிலிருந்து மூன்று லட்சம் திரட்டுவது பெரிய காரியமில்லை. சொத்தும் மாநகராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும்.

மண்வெட்டி வழியைப் பற்றி இளவட்டங்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். சென்னைக்கு இதில் நல்ல வரலாறு உண்டு. 1989-இல் நிர்மல் என்பவர் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு, தெருவுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி, அதற்கு ஒரு ஆள், வீட்டுக்கு மாதம் சின்னத் தொகை என்று குப்பை அள்ளும் முறையை ஏராளமான தெருக்களில் நடத்திக் காட்டியது. சிட்லபாக்கம் ஏரியில் ஊர்க்காரர்களே இறங்கிக் குப்பை அள்ளியது, பிறகு அரசு ஏரியைச் சீரமைக்கப் பெரிய தொகை ஒதுக்குவதற்கு ஒரு காரணமாயிற்று. தெரு தன் கையால் ஒன்றைச் செய்யும்போது அதிகாரிகளின் பார்வை மாறுகிறது, அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகராட்சி 1988-இலிருந்து நடத்தும் இணைநிதித் திட்டத்தில் தன்னார்வலர் உழைத்த மணிநேரத்தையே மக்கள் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நம்மூரில் எழுத்தில் இல்லாமல் ஒரு மாநகராட்சி இடத்தில் நட்ட மரத்தை, நாளைக்கு ஒரு குழாய் பதிப்பவர் வெட்டினால் கேட்க ஆதாரம் இல்லை. சுத்தம் செய்யுங்கள், படம் எடுங்கள், மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு ரப்பிஷ் அகற்றச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மரம் நடுவதை மட்டும் பூங்காத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக, யாருமே முதலில் சொல்லாத வழி: பகுதி சபை, அதாவது வார்டைச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் கூட்டம். பணம் இல்லை, பலகை இல்லை, திறப்பு விழா இல்லை. அதனாலேயே வாட்ஸ்அப் குழுவில் இதன் பெயர் வருவதில்லை. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதே மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022 ஜூனில்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். சென்னையில் வார்டுக்குப் பத்து வீதம் 2,000 பகுதிகள். கவுன்சிலர்தான் வார்டு குழுத் தலைவர். பகுதிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். அதனால் கட்சிக்காரர்களே நிறைந்துவிடுகிறார்கள் என்ற விமர்சனம் ஆரம்பத்திலிருந்தே உண்டு, அதில் நியாயமும் உண்டு. கூட்டம் நடக்கும் தேதியைத் தெரிந்துகொள்வதே சில வார்டுகளில் ஒரு துப்பறியும் வேலை.

இருந்தும் நான் இதை முதல் படியாக வைக்கிறேன். பகுதி சபையில் எழுந்து நின்று சொல்லி, அது பதிவேட்டில் ஏறிவிட்டால், உங்கள் காலி மனை யாரோ ஒருவரின் தனிப்பட்ட கோரிக்கையாக இருப்பது போய், வார்டின் தேவைப் பட்டியலில் ஒரு வரியாகிவிடுகிறது. கவுன்சிலர் மாறினாலும் அந்த வரி இருக்கும். அடுத்த முறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "இன்ன தேதித் தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை" என்று ஒற்றைக் கேள்வி கேட்கலாம். பராமரிப்பைப் பற்றிய என் அளவுகோலுக்கும் இதுதான் பதில் வைத்திருக்கிறது: பூங்கா வந்த பிறகு மோட்டார் ரிப்பேர், தோட்டக்காரர் வராமை, இரவில் பூட்டாத கேட் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி எழுப்புவதற்கு ஒரு நிரந்தர இடம் வேண்டுமே.

ஆகவே வரிசை இப்படி இருக்கலாம். சொந்த வீடுகள் அதிகமுள்ள, சங்கம் பதிவாகியிருக்கும், கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் பகுதி என்றால் பகுதி சபையில் பதிவு செய்துவிட்டு 'நமக்கு நாமே'க்குப் போங்கள்; கம்பெனி கிடைத்தால் நம் பங்குக்குள் சேருங்கள்; சுற்றுச்சுவரை மட்டும் கவுன்சிலர் நிதியில் தனியாகக் கேளுங்கள், மதிப்பீடு அந்த அளவு குறையும். வாடகை வீடுகள் அதிகம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்றால் சந்தாப் பேச்சையே எடுக்க வேண்டாம். பகுதி சபை, கவுன்சிலர் நிதி இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்டுக்குப் பிரித்துக் கேளுங்கள்: முதல் ஆண்டு சுவர், மண், மரம், அடுத்த ஆண்டு விளக்கு, விளையாட்டுச் சாமான். ஏரிக்கரையோர மனை என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கரை மாநகராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்பதில் தொடங்க வேண்டும்.

நேரமும் முக்கியம். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் புது டெண்டர் நின்றுவிடும். இப்போதைய மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. ஐந்தாண்டின் கடைசியில் கேட்கும் வேலை ஒர்க் ஆர்டர் வரை போவது கஷ்டம்.

கூட்டத்துக்குப் போகும்போது லேஅவுட் வரைபடத்தில் அந்த மனையை வட்டமிட்டு, தானப் பத்திர எண்ணை ஓரத்தில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைப் பதிவேட்டோடு இணைக்கச் சொல்லுங்கள், இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள்.